கண்ணாக் காட்டுக்குள் தோணியில் போனவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்

பாண்டிருப்பான்:

தங்கச்சியின் மாப்பிள்ளை, எனக்கு மச்சான், பாய்க்கப்பலில் நாடு நாடாகப் போகிற ஆள். இந்த முறை அவுஸ்திரேலியாவிலிருந்து ஓட்டி வந்து கப்பலைத் திருகோணமலையில் கட்டினார். “கல்முனைக்கே கொண்டு வாங்களன், வாவிக்குள்ள விடுவம்” என்று வீட்டுப் பொடியன்கள் ஆசைப்பட்டார்கள். அவர் சிரித்துவிட்டார். கப்பலுக்கு அடியில் தண்ணீருக்குள் இருக்கிற பாகமே இரண்டு மீற்றர். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம் என்று நாம் பெருமையாகச் சொன்னாலும் கனக்க இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். அதற்கு முதல் முகத்துவாரத்து மணல் வழி விட வேணும். ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக்கு எதிரே தெற்கு நோக்கிப் பாய் விரித்து வருவதும் லேசுப்பட்ட வேலையில்லை. கடைசியில் கப்பல் திருகோணமலையில், ஆள் மட்டும் வான் வண்டியில் வந்தார்.

பொத்துவில் களப்புக்கு விடியப்புறம் போய்ச் சேர்ந்தோம். தோணிக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அறுபதைத் தாண்டியிருப்பார். இரண்டு தோணியைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்து மேலே பலகை அடித்திருந்தார், அதில் கதிரை. இயந்திரம் கிடையாது. பின்னால் நின்று கம்பு ஊன்றித் தள்ளுகிறார். மச்சான் அவுஸ்திரேலியாவின் டெயின்ட்ரீ ஆற்றில் முதலை பார்க்கப் போனவர். அங்கே இயந்திரப் படகு, ஒலிபெருக்கியில் விளக்கம். இங்கே காக்கா கேட்டதுக்கு மட்டும்தான் வாய் திறந்தார்.

“காக்கா, முதலை எங்க?”

“அது வெயில் ஏறினப் பொறகு கரைக்கு வரும் மகன். இந்தக் குளிருல அதுக்கு மேல என்ன வேலை.”

முதல் அரை மணித்தியாலம் பறவைதான். நீர்க்காகம், மீன்கொத்தி, மஞ்சள் மூக்கு நாரை, தலைக்கு மேலே ஒரு செம்பருந்து. உவர்ச் சேற்றில் வளருகிற கண்டல் மரங்களில் முளைத்த விதைகள் முருங்கைக்காய் மாதிரித் தொங்கின. விதை மரத்திலேயே முளைத்து, கனம் வந்ததும் சேற்றில் நட்டுக்கொண்டு விழும். தாய் மரத்தடியில் நிற்கிறது கொஞ்சம், மிச்சம் மிதந்து போய் வேறு கரையில் வேர் பிடிக்கும். கண்டலில் இன்னொரு சாதியான கண்ணா மரத்தைச் சுற்றி மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே குத்தென்று நின்றன. காக்கா ஒரு இலையை ஒடித்து மச்சானிடம் கொடுத்து நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்பு! மரம் குடித்த உப்பை இலையால் கக்கி விடுகிறது.

பிறகுதான் யானை. தனியன், கொம்பில்லை. எங்கட யானைகளில் கொம்பன் குறைவுதானே. களப்பின் மேற்குக் கரையில் புல் இழுத்துக்கொண்டு நின்றது. நான் “அந்தா!” என்று எழும்பப் போனேன், காக்கா தோளில் கை வைத்து அமத்தினார். பீடியைத் தட்டிச் சாம்பல் எந்தப் பக்கம் பறக்குது என்று பார்த்தார். மறுகா தோணியை நேரே விடாமல் சுற்றிக் கடற்பக்கமாகக் கொண்டு போய்க் கம்பை ஊன்றி நிறுத்தினார். தரையிலிருந்து வருகிற கச்சான் எங்கள் வாடையைக் கடலுக்குக் கொண்டு போய்விட்டது. யானைக்குக் கண் அவ்வளவு தெரியாது, மூக்குத்தான் எல்லாம். அது எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. காலில் புல்லை அடித்து அடித்து மண்ணை உதறித் தின்கிற சத்தம்கூடக் கேட்டது.

மச்சான் யானையைப் பார்த்த நேரத்தை விடக் காக்காவைப் பார்த்த நேரம் கூட. “நான் காத்துப் பார்க்க மின் கருவி பூட்டி வச்சிருக்கன். இந்த ஆள் பீடியால பார்க்கிறார்” என்றார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் காற்றைப் பற்றியே கதைத்தார்கள். மச்சானுக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் வாடை, சோளகம், கச்சான் மூன்றும் எந்தத் திசை, எந்த மாதம் என்று காக்கா கையால் காட்டக் காட்ட அவர் பிடித்துக்கொண்டார். முதலையும் கண்டோம், வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தது. யானைக்குப் பிறகு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

வாவிக்கரை மருமகள்:

தம்பிக்கு முதலை பொருட்டில்லையாம்! எங்கட மண்முனைப் பக்கம் வந்து சொல்லிப் பாருங்க. எங்கட வீட்டுக்காரர் இருட்டோட வீச்சு வலை கொண்டு இடுப்புத் தண்ணியில இறங்குற ஆள். ஒரு நாள் வலை கனக்குது என்று இழுத்தா, கொஞ்சம் அங்கால முதலைட தலை. வலைக்குள்ள இருந்த மணலை மீனுக்குத்தான் வந்திரிக்கி. இவர் வலையை விட்டுட்டு ஒரு சத்தமும் போடாம பின்னுக்குப் பின்னுக்கு வந்து கரை ஏறினார். வலை போனதுதான், விலை என்ன தெரியுமா? வாவியில முதலை பிடிச்சுச் செத்த ஆக்களும் இரிக்காங்க. பார்க்க வாறவங்க தோணிக்கு வெளியில கையைப் போட்டு அளைஞ்சுகொண்டு வாறதைக் காணத்தான் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

வாவியில பார்க்கிறதை விடக் கேட்கிறதுதான் விசேசம். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட பௌர்ணமி இரவில தோணியை நிப்பாட்டி, சவளை, அதான் துடுப்பை, தண்ணிக்குள்ள விட்டு மேல் நுனியில காதை வைக்கணும். மீன் பாடுது என்று ஊர் முழுக்கச் சொல்லும். எங்கட மாமி மட்டும் அது ஊரி, அதான் சிப்பி நத்தை, பாடுறது என்றுதான் சொல்லுவா. 1848 இல் இங்க வந்த எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்காரரும் இரவில தோணியில போய்க் கேட்டு எழுதி வச்சிரிக்கார்.

உகந்தை யாத்திரி:

அக்கா சொன்ன முதலை செம்மூக்கனாக இருக்கும், உவர்த் தண்ணி ஆள். தம்பி கண்டது எது என்று பிடரியைப் பார்த்தால் தெரியும். தலைக்குப் பின்னால் பெரிய செதில் நாலு ஒரே வரிசையில் எழும்பி நின்றால் குளத்து முதலை. அந்த இடம் வெறுமையாகக் கிடந்தால் செம்மூக்கன். படம் இருந்தால் பெருப்பித்துப் பாருங்கள்.

நான் தோணியில் போனவன் இல்லை, கதிர்காமத்துக்கு நடந்து போகிறவன். உகந்தையில் காட்டுப் பாதை திறந்ததும் குமண வழியாகத்தான் நடை. குமண வில்லுவுக்கும், அதாவது அங்குள்ள சதுப்பு ஏரிக்கும், சுற்றிவரக் கண்டல்தான். 1938 இலேயே பறவைச் சரணாலயம் ஆக்கிய இடம். குமுக்கன் ஆற்றுத் தண்ணீர் ஏறி நிரம்புகிற வில்லு அது. வைகாசி, ஆனியில் கூடு கட்டுகிற காலம், நாரையும் கரண்டிவாயனும் ஒரே மரத்தில் தட்டுத் தட்டாகக் குந்தியிருக்கும். ஜீப்பில் போகிறவர்களுக்கு இரைச்சலில் குஞ்சுகளின் கத்தல் கேட்காது. “அரோகரா” சொல்லிக்கொண்டு போகிற எங்கள் கூட்டமே அந்த இடத்தில் தானாகக் குரலைக் குறைத்துவிடும்.

பொத்துவில் பேரன்:

எங்கட மூத்தாப்பாவும் களப்பில கம்பு ஊன்றினவர்தான், வாசிக்கச் சந்தோசம். ஒன்று சொல்லணும். இயந்திரம் பூட்டின படகில கூட்டிப் போறவங்களும் இரிக்காங்க, விலை குறைவு என்று ஆக்கள் ஏறுறாங்க. அலை அடிச்சா கரைச் சேறு கரைஞ்சு புதுசா ஊன்றின கண்டல் நாற்றுச் சரியும். பறவை எல்லாம் நீங்க வாறதுக்கு முதலே கிளம்பிடும். கம்புத் தோணிதான் வேணும் என்று கேட்டு ஏறுங்க. விடியக் காலை, இல்லாட்டி பின்னேரத்து அசறு தொழுகைக்குப் பொறகு. நடு வெயிலுக்குப் போய் “ஒண்டும் காணல்ல” என்று ஏசாதீங்க.

பாண்டிருப்பான்:

யாத்திரி அண்ணன், படத்தில் பிடரி தெரியவில்லை, வாய் மட்டும்தான் தெரியுது. வாவிக்கரை அக்கா, மச்சான் கப்பல் எடுக்க முதல் ஒரு பௌர்ணமி வருது. ஊரி கேட்க உங்கட பக்கம் வரலாமா?

வாவிக்கரை மருமகள்:

வாங்க தம்பி. காத்து இல்லாத இரவாப் பார்த்து வாங்க, இல்லாட்டி அலைச் சத்தம்தான் கேட்கும். இவர் தோணி கொண்டு வருவார். புது வலைக்குக் காசு தர வேணாம், மச்சானை ஒரு கிலோ நல்ல கயிறு கொண்டு வரச் சொல்லுங்க.