பின்சக்கர வண்டியும் பனிச்சாலையும்: வடாற்காட்டுக்காரர்கள் பட்டது

குடியாத்தத்துக்காரன் (இப்போது மிசிசாகா, கனடா)

மூன்று குளிர்காலங்கள் கடந்தும் அந்தச் சிக்னல் என்னை விடவில்லை என்பதால் எழுதுகிறேன். வண்டி மஸ்டாங் ஜி.டி., எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும் வகை: 5 லிட்டர் வி8 எஞ்சின், 460 குதிரைத்திறன், கையால் மாற்றும் கியர். நவம்பரில் பழைய வண்டியாக வாங்கினேன். விற்றவர் எல்லாப் பருவத்துக்கும் ஆகும் டயர் என்றார். டயரின் பக்கச் சுவரைக் குனிந்து படிக்காதது என் தவறு, அவை கோடைகால டயர்கள். ஒன்டாரியோவில் குளிர்கால டயர் கட்டாயமில்லை. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் குடியிருந்திருந்தால், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டமே என்னைத் தடுத்திருக்கும்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா பக்கத்து இருக்கையில் இருந்தார். அந்தச் சிக்னலில், பனிச்சாலையில் இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பின்பகுதி சற்றே நழுவுவதை உணர்ந்து, பயத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுத்துவிட்டேன். உடனே பின்பக்கம் வலப்புறமாக வீசிக்கொண்டு கிளம்பியது. சக்கரம் வழுக்கிச் சுழலாமல் அடக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலின் மஞ்சள் விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது, ஆனால் டயருக்குப் பிடிப்பே இல்லாத இடத்தில் அந்தக் கருவி எதைப் பிடித்து நிறுத்தும்? முன்கண்ணாடியில் எதிர்ச்சாலை தெரிந்தது; நாங்கள் போய்க்கொண்டிருந்த திசையோ அப்பா பக்கத்து ஜன்னலில் தெரிந்தது. அந்த ஜன்னல் வழியே ஒரு பேருந்து நிழற்குடையும் அதில் நின்றிருந்த ஒரு பெண்மணியும் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். சத்தம் என்று எதுவுமே இல்லை. நம் ஊரில் டயர் தேய்ந்தால் கீச்சென்று கத்தும், பனியில் அதுகூடக் கிடையாது. அந்த அம்மா கத்தவில்லை, ஓடவில்லை. ஓர் அடி மட்டும் பின்னால் எடுத்து வைத்தார். நடைபாதை விளிம்பில் சக்கரம் இடித்து வண்டி நின்றபோது, அவருக்கும் வண்டிக்கும் இடையே இரண்டு கை நீளம் இருந்தது.

அப்பா காட்பாடி ரயிலடியில் முப்பது ஆண்டுகள் அம்பாசடர் டாக்சி ஓட்டி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளை ஏற்றி இறக்கியவர். பனியை அந்த வாரம்தான் முதன்முதலாகப் பார்த்தார். வண்டி நின்றதும் அவர் கேட்டது இதுதான்: “ஏம்பா வெடுக்குன்னு காலை எடுத்துட்ட? பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்ட மாதிரி ஆயிடுச்சே.”

ஆம்பூர்த் தோல் வணிகர்

உங்கள் தந்தையார் சொன்னது சரி. இரண்டாவது கியரில் காலை எடுத்தால் எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் இழுத்துப் பிடிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குற்றம் உங்கள் காலில் இல்லை, டயரில்தான் இருக்கிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஜெர்மனியில் காலணித் தொழிலுக்குப் பேர்போன பிர்மாசென்ஸ் நகருக்கு எங்கள் தொழில் காரணமாக அடிக்கடி போவேன். மேடும் பள்ளமுமான ஊர். அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை குளிர்கால டயர் என்பது அங்கே வாய்வழக்கு. நண்பர் மாற்ற மறந்திருந்த ஒரு நவம்பர் காலையில் அவருடைய பி.எம்.டபிள்யூ. வண்டியை நான் ஓட்டினேன். நம் ஊர்த் தெருக்களில் கவனிக்கவே மாட்டோம் என்னும் அளவுக்குச் சிறிய மேடு அது. பாதி ஏறியதும் பின்சக்கரங்கள் சுழன்றன, பிறகு வண்டி நின்றது, பிறகு நான் பிரேக்கை முழுமூச்சாக மிதித்திருந்தும் நான்கு சக்கரங்களும் அசையாத நிலையில் வண்டி மெல்லப் பின்னோக்கி இறங்கியது. மிதித்த பிரேக் மிதித்தபடி இருக்க, வீட்டுச் சுவர்கள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து மேலே போனதை இன்றும் கனவில் காண்கிறேன். அடுத்த வீட்டு மூதாட்டி ஒரு வாளி நிறையச் சிறு சரளைக்கல்லைக் கொண்டுவந்து சக்கரத்தடியில் கொட்டிவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போனார்.

அதே வண்டியில், அதே மேட்டில், ஜனவரியில் குளிர்கால டயருடன் இரண்டாவது கியரில் தடையின்றி ஏறினேன். ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே கோடைகால டயரின் ரப்பர் இறுகிவிடும், குளிர்கால டயரின் ரப்பரோ இளகியே இருக்கும். தோலைப் பதப்படுத்துகிறவனுக்கு இளக்கத்தின் அருமை தெரியும். நம் மார்கழியில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை என்பதால்தான் நம்மவர்கள் ஏமாறுகிறோம். வாங்கும்போது மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரையைத் தேடுங்கள். 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் அது இல்லாத டயரைக் குளிர்கால டயராக ஏற்பதில்லை.

கம்மவான்பேட்டை முன்னாள் ராணுவ ஓட்டுநர்

ஆம்பூர் ஐயா, டயர்தான் எல்லாம் என்று எழுதுவது இளைஞர்களுக்குத் தவறான தைரியத்தைக் கொடுக்கும். நல்ல டயர் வண்டியைக் கிளப்பிவிடும், மேட்டில் ஏற்றிவிடும். அதை நம்பி வேகம் எடுத்தவன் வளைவில்தான் பாடம் படிப்பான்.

காஷ்மீரிலிருந்து லடாக் போகும் சோஜிலாக் கணவாயில், 11,500 அடி உயரத்தில், இறக்கத்தில் என் முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. பிரேக்கைத் தொட்டிருந்தால் பள்ளம்தான். மலைப்பக்கம் குவித்திருந்த பனிமேட்டில் சக்கரத்தைச் சாய்த்து, உரசி உரசி நிறுத்தினேன். கதை அவ்வளவுதான். குடியாத்தத்துத் தம்பிக்குச் சொல்ல வேண்டியது வேறு.

தம்பி, பனியில் டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரு சின்னப் படி அரிசி என்று வைத்துக்கொள். அதைத் திரும்புவதற்கும் செலவழித்து, அதே நேரத்தில் வேகம் கூட்டவோ குறைக்கவோ செலவழித்தால் படி காலியாகிவிடும். ஆகவே பிரேக் போடுவதை வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் முடித்துவிடு, வளைவில் திரும்புவதை மட்டும் செய், வளைவு முடிந்த பிறகு ஆக்ஸிலேட்டரை மெல்லக் கொடு. கிளம்பும்போது இரண்டாவது கியரில் கிளம்பு, முதல் கியர் சக்கரத்துக்குத் தேவைக்கு மேல் விசையைத் தள்ளும். பின்பக்கம் வலப்புறம் போனால் ஸ்டியரிங்கையும் வலப்புறம் திருப்பு. நேராகத் தொடங்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபக்கம் வீசியடிக்கும். கண்ணைப் போக வேண்டிய இடத்தில் வை. நிழற்குடையையே பார்த்துக்கொண்டிருந்தால் கை அங்கேதான் கொண்டுபோகும். டிக்கியில் இரண்டு மணல் மூட்டை போட்டுக்கொள், பின்சக்கரத்துக்கு எடை வேண்டும். சங்கிலி வாங்கினால் பின்சக்கரத்தில்தான் கட்ட வேண்டும், தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். பனியில் புதைந்து நின்று, குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டால், புகைக்குழாயை மூடியிருக்கும் பனியை முதலில் இறங்கித் தோண்டி எடு. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் வாசனை தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இந்த ஒன்றை மட்டும் யாரும் மறக்க வேண்டாம்.

திருப்பத்தூர்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் புதுமழையன்று, பின்சக்கர வண்டியான பழைய கான்டெஸா கார் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். வள்ளல்களின் பெயர் வைத்த வளைவுகளில் ஒன்றில், எண்ணெயும் தூசும் மழையில் குழைந்து கிடந்தபோது, என் வண்டியும் அப்படியே குறுக்கே நின்றது.

சத்துவாச்சாரி செவிலியர் (இப்போது பஃபலோ, அமெரிக்கா)

திருப்பத்தூர் அண்ணா, மன்னிக்கவும், இரண்டும் ஒன்றல்ல. ஏலகிரியில் வளைவு தாண்டினால் பிடிப்பு திரும்பி வரும். இங்கே ஏரிக் காற்று கொண்டுவரும் பனி ஒரே இரவில் இடுப்பளவு விழும், காலையில் பார்த்தால் சாலையே இருக்காது.

ராணுவ ஐயாவுக்கும் பணிவோடு ஒன்று: கட்டாத மணல் மூட்டை, வண்டி எதிலாவது மோதும்போது அதுவே உள்ளிருப்பவர்கள் மீது வந்து மோதும். இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். தாழ்வான, அகல டயர் போட்ட இந்த வண்டிகள் பலவற்றில் சங்கிலிக்குச் சக்கரத்தைச் சுற்றி இடமே இருக்காது.

என் கணவரின் கமாரோ காரை, அதுவும் பின்சக்கர வண்டிதான், ஒரே ஒரு நாள் எடுத்தேன். என் வண்டி பழுது, இரவுப் பணி. வீட்டு வாசலிலேயே பின்சக்கரம் புதைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், எஞ்சின் உறுமுவதற்குப் பதிலாக அடங்கிப் போகிறது, மேலும் மிதித்தால் மேலும் அடங்குகிறது. எட்டு சிலிண்டர் வண்டி, மூச்சு வாங்கும் நோயாளியைப் போல நின்றது. சக்கரம் சுழல்வதைக் கண்டதும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் எஞ்சினின் விசையைக் குறைத்துக்கொண்டே வருகிறது என்பது எனக்குத் தெரியவில்லை. கணவர் தொலைபேசியில் சொன்ன பிறகே அதை நிறுத்தினேன். முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஆட்டி வெளியே வந்து, சாலையேறியதும் மறுபடி இயக்கினேன். நாற்பது நிமிடம் தாமதம். எனக்கு முன் பணியிலிருந்த பெண், பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு, எனக்காக நோயாளியின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

குடியாத்தத்துக்காரன்

அனைவருக்கும் நன்றி. ஆம்பூர் ஐயா, அந்த வாரமே குளிர்கால டயர் மாட்டிவிட்டேன். இருந்தாலும் அப்பா அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஒரு வண்டி நிறுத்துமிடத்துக்கு, உரியவரிடம் அனுமதி கேட்டு, என்னைக் கூட்டிப்போகச் சொன்னார். குல்லாவும் என் பழைய கோட்டும் போட்டுக்கொண்டு தூரத்தில் பனியில் நின்றார். அவர் கையை மெதுவாக இறக்க இறக்க, அதே அளவில் நானும் காலை எடுக்க வேண்டும். கை பாதியில் நின்றால் காலும் பாதியில் நிற்க வேண்டும். விரல் மரத்துப்போகும் வரை செய்யவைத்தார். இப்போது என் கால் தானாகவே அப்படித்தான் வருகிறது.

அந்தச் சிக்னலில் மட்டும் இன்னும் இடப்பக்கம் திரும்புவதில்லை. நேராகப் போய், அடுத்த தெருவில் சுற்றிக்கொண்டு வருகிறேன். அந்த அம்மாவை அதற்குப் பிறகு அங்கே பார்க்கவில்லை. அன்று இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் பேருந்து வந்துவிட்டது, அவர் ஏறிப் போய்விட்டார்.