7.5 ஹெச்பி மோட்டார் ரீவைண்டிங்குக்குப் பிறகு லோடு இழுக்கவில்லை: ஸ்டாரா, டெல்டாவா?

மாவு மில்: மோட்டார் 7.5 ஹெச்பி, 1440 ஆர்பிஎம். நேம்பிளேட்டில் 415 வோல்ட், 11 ஆம்ப்ஸ், டெல்டா (மூன்று காயிலையும் வளையமாக இணைப்பது; மூன்றின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்தால் ஸ்டார்). காயில் எரிந்து, ரீவைண்டிங் முடிந்து வந்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றி ஓட்டினால் சத்தமே இல்லை. டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்வி ஆம்ப்ஸ் அளக்கும் மீட்டர்) மூன்று பேஸிலும் 1.6 ஆம்ப்ஸ்தான். கோதுமை விழ ஆரம்பித்ததும் வேகம் குறைந்து உறுமுகிறது, 14-15 ஆம்ப்ஸ் காட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் ஓவர்லோடு ரிலே (ஆம்ப்ஸ் கூடினால் மோட்டாரை நிறுத்துவது) ட்ரிப். லோடில் வோல்டேஜ் 405. டிஓஎல் ஸ்டார்ட்டர் (நேரடியாக முழு வோல்டேஜ் கொடுப்பது), ரிலே 11-ல் இருக்கிறது. சுற்று தப்பா? ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (ஸ்டாரில் தொடங்கி டெல்டாவுக்கு மாற்றுவது) போட்டால் சரியாகுமா?

வைண்டிங் கடை: சுற்றைச் சந்தேகப்படும் முன்னால் டெர்மினல் பாக்ஸைத் திறங்க தம்பி. இந்த சைஸ் மோட்டார் சும்மா ஓட 4-5 ஆம்ப்ஸ் எடுக்கணும். 1.6 என்றால் ஸ்டாரில் ஓடுகிறது. மேல் வரிசை டபிள்யூ2, யு2, வி2. கீழ் வரிசை யு1, வி1, டபிள்யூ1. யு1, யு2 ஒரே காயிலின் இரண்டு முனை, மற்றவையும் அப்படியே. மேலே மூன்றும் படுக்கையாக ஒன்று சேர்ந்திருந்தால் ஸ்டார். மேலும் கீழுமாக மூன்று பட்டை (டெர்மினலை இணைக்கும் உலோகத் துண்டு) நின்றால் டெல்டா. நேம்பிளேட் சொல்வது டெல்டா, அதனால் பட்டையை நிமிர்த்திப் போடுங்க.

நடப்பது இதுதான்: ஒவ்வொரு காயிலும் 415-க்குச் சுற்றியது. ஸ்டாரில் அதற்குக் கிடைப்பது 240. வோல்டேஜ் 58 சதவீதம் ஆனால் இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிடும். சும்மா ஓட அது போதும், அரைக்கப் போதாது.

பேனல் போர்டு: ரிலே ட்ரிப் ஆகிறதே, மோட்டார் தப்பித்தது என்று நினைக்காதீங்க. டெல்டாவில் லைனில் 11 போனால் காயிலில் 6.4-தான். ஸ்டாரில் லைனில் போவது அப்படியே காயிலில் போகும். அதாவது ரிலே 11 வரை பேசாமல் இருக்கும்போதே காயில் 70 சதவீதம் அதிகமாகச் சுமக்கிறது. 15 ஆம்ப்ஸ் போன நேரத்தில் காயிலில் சூடு வழக்கத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல். மாற்றிப் போடும் முன் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வையுங்க: பட்டைகளைக் கழற்றி, மூன்று காயிலுக்கும் பாடிக்கும், காயிலுக்குக் காயிலும். ஒரு மெகோமுக்குக் கீழே வந்தால் ஓட்டவே வேண்டாம்.

மாவு மில்: மேல் வரிசையில் ஒரே பட்டைதான் இருந்தது அண்ணா. மெகர் 50-க்கு மேல். டெல்டா போட்டாச்சு: சும்மா 4.8, கோதுமையோடு 10. உறுமல் இல்லை. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் தேவையா?

பேனல் போர்டு: ஸ்டார்ட் ஆகும்போது லைட் மங்குகிறது, வோல்டேஜ் விழுகிறது என்றால் மட்டும் போடுங்க. ஸ்டாரில் இழுவை மூன்றில் ஒன்று என்பதால் ஹாப்பரில் தானியம் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ண முடியாது. கல் காலியாகச் சுற்றி வேகம் பிடித்த பிறகுதான் தானியம் போடணும். டைமர் 6-8 செகண்ட் போதும். வேகம் பிடிக்கும் முன்பே டெல்டாவுக்கு மாறினால் ஸ்டார்ட்டர் போட்டதற்கே அர்த்தமில்லை.

மோட்டாரில் ஒரு பட்டைகூட இருக்கக் கூடாது, ஆறு ஒயர் தனித்தனியாக வரணும். டெல்டா பட்டையை மறந்து விட்டுவிட்டால் ஸ்டார் கான்டாக்டர் (ஸ்டார்ட்டரில் இணைப்பை மாற்றும் காந்த ஸ்விட்ச்) இழுத்ததுமே மூன்று பேஸும் ஷார்ட். ஸ்டாரில் நன்றாக ஓடி, டெல்டாவுக்கு மாறியதும் ட்ரிப் ஆகாமல் மெதுவாக நின்றால் யு1-உம் யு2-உம் ஒரே பேஸில் மாட்டியிருக்கிறது, வி, டபிள்யூ-வும் அப்படியே. காயிலின் இரண்டு முனையிலும் ஒரே பேஸ், எப்படிச் சுற்றும்? ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழே இருந்தால் 6.4-ல் வையுங்க. லைனிலேயே இருந்தால் 11.

சின்ன மோட்டார்: இடையில் ஒரு கேள்வி. வெளிநாட்டு மெஷினில் வந்த 0.75 கிலோவாட் மோட்டார். பிளேட்டில் 230/400, டெல்டா/ஸ்டார், 3.3/1.9 ஆம்ப்ஸ். மேலே சொன்னபடி டெல்டாவா?

வைண்டிங் கடை: கூடவே கூடாது! உங்க காயில் 230-க்குச் சுற்றியது. நம்ம 415-ல் டெல்டா போட்டால் காயிலுக்கு 415 போய்விடும். இரும்பு கோர் காந்தத்தால் நிரம்பி, சும்மா ஓடும்போதே பிளேட் ஆம்ப்ஸைத் தாண்டும், சில நிமிடத்தில் வார்னிஷ் வாடை வரும். ஸ்டார் போடுங்க, ரிலே 1.9. நம்ம ஊர் மோட்டாரிலும் பெரும்பாலும் 2 ஹெச்பி வரை ஸ்டார், 3-லிருந்து டெல்டா. ஆனால் அதை வைத்து முடிவு பண்ணாதீங்க, பிளேட்டைப் பாருங்க.

பேனல் போர்டு: இதே சின்ன மோட்டாரை வீட்டு சிங்கிள் பேஸில் ஓடும் விஎஃப்டியில் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) மாட்டினால் கதை வேறு. அதன் அவுட்புட் 230-தான், அப்போது டெல்டா சரி. டிரைவில் மோட்டார் கரென்ட் 3.3 என்று கொடுக்கணும், 1.9 இல்லை.