ஸ்பிண்டில் சுழன்றால் மட்டும் வரும் அலாரம்: லிமிட் சுவிட்ச் அனுபவங்கள்

பெயர்ப்பலகை செதுக்குபவர், கோவை

என்னிடம் இருப்பது 3018 வகைச் சிறிய சிஎன்சி, அதாவது கணினிக் கட்டளைப்படி செதுக்கும் இயந்திரம். உள்ளே அதை இயக்கும் மென்பொருள் ஜிஆர்பிஎல் 1.1. வாங்கியபோது லிமிட் சுவிட்ச் (அச்சு எல்லையைத் தொட்டதைச் சொல்லும் சுவிட்ச்) கிடையாது. மைக்ரோ சுவிட்சுகளைப் பிறகு நானே பொருத்தினேன். ஹோமிங் (சுவிட்சைத் தொட்டுத் தொடக்க இடத்தை அறிவது) சரியாக நடந்தது. ஸ்பிண்டிலை (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரை) நிறுத்திவிட்டுக் காற்றில் ஓட்டிப் பார்த்தால் முழுக் கோப்பும் ஓடி முடியும். ஸ்பிண்டிலைச் சுழலவிட்டுத் தேக்குப் பலகையில் இறக்கினாலோ, பாதி எழுத்தில் 'அலாரம் 1' (லிமிட் சுவிட்ச் தட்டப்பட்டது) வந்து நின்றுவிடும். அந்த நேரத்தில் எந்தச் சுவிட்சுக்குப் பக்கத்திலும் எதுவும் இருக்காது.

ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் வருகிறது என்பதே போதுமான துப்பு. இதில் இருப்பது பிரஷ் உள்ள 775 மோட்டார். பிரஷ்களில் ஓயாமல் பொறி பறக்கும். அதன் மின்வயரும் லிமிட் வயர்களும் ஒரே கட்டாகப் போய்க்கொண்டிருந்தன. லிமிட் பின்னை (சுவிட்ச் வயர் வந்து சேரும் சிப் முனையை) 5 வோல்ட்டில் தூக்கிப் பிடித்திருப்பது சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் மட்டுமே. ஜிஆர்பிஎல் ஓடும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் சிப்பில் அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை. மிகவும் பலவீனமான பிடி. நார்மலி ஓப்பனாக (அழுத்தினால் மட்டும் இணையும்படி) இணைத்த நீண்ட வயர் அருகிலுள்ள இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. நொடியின் மிகச் சிறு பகுதி நேரம் லிமிட் பின்னின் வோல்ட் கீழே இறங்கினாலும் ஜிஆர்பிஎல் உடனே நிறுத்திவிடும்.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். வயர்களைப் பிரித்துத் தனித்தனிப் பாதையில் கொண்டுபோனதில் அலாரம் குறைந்தது, நிற்கவில்லை. மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கப்பாசிட்டர் வைத்தேன், இன்னும் குறைந்தது. போர்டின் பக்கத்தில், ஒவ்வொரு லிமிட் பின்னிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டரும் போட்ட பிறகுதான் அடங்கியது.

கடைசியாகச் சுவிட்சுகளை நார்மலி குளோஸ்டாக (அழுத்தினால் பிரியும்படி) மாற்றி, லிமிட் பின்னைத் தலைகீழாகப் படிக்க வைக்கும் ஜிஆர்பிஎல் அமைப்பான $5-ஐ 1 ஆக்கினேன். இப்போது லிமிட் பின் சாதாரண நிலையில் கிரவுண்டோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால் இரைச்சலுக்கு அசைவதில்லை. வயர் அறுந்தாலும் அலாரம் அடிக்கும். நார்மலி ஓப்பனில் வயர் அறுந்தது, நகரும் பகுதி போய் இடிக்கும்போதுதான் தெரியும். மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓர் அச்சின் இரு முனைகளிலும் சுவிட்ச் இருந்தால், நார்மலி ஓப்பனில் அவை பக்க இணைப்பு, நார்மலி குளோஸ்டில் தொடர் இணைப்பு.

மரப் பொம்மை செய்பவர், ஈரோடு

எனக்கு வந்தது இதற்கு நேரெதிர். சுவிட்ச் அழுந்திக்கொண்டே இருக்கிறது, இயந்திரம் கண்டுகொள்ளவில்லை. ஹோமிங் கொடுத்தால் முதலில் இசட் அச்சுதான் மேலே போகும். அது சுவிட்சை அழுத்தித் தாண்டி, உச்சியில் முட்டி, கடகடவென்று உறுமிவிட்டு 'அலாரம் 9' (ஹோமிங்கில் சுவிட்சைக் காணவில்லை) சொன்னது.

சுவிட்ச் நல்ல சுவிட்ச்தான். ஆர்டுயினோ மேல் செருகும் சிஎன்சி ஷீல்டில் இசட் என்று அச்சிட்டிருப்பது 11ஆம் பின். ஜிஆர்பிஎல் 1.1-இல் ஸ்பிண்டில் வேகக் கட்டுப்பாட்டுக்காக 11ஆம் பின்னை எடுத்துக்கொண்டு, இசட் லிமிட்டை 12-க்கு மாற்றிவிட்டார்கள். ஷீல்டில் 12ஆம் பின் ஸ்பிண்டில் எனேபிள் என்ற பெயரில் இருக்கும். வயரை அங்கே மாற்றிச் செருகியதும் வேலை முடிந்தது.

ஹோமிங் கொடுப்பதற்கு முன் சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு கணினியிலிருந்து ஜிஆர்பிஎல்லுக்குக் கேள்விக்குறி (?) அனுப்பிப் பாருங்கள். பதில் வரியின் பின்கள் (Pn:) பகுதியில் அந்த அச்சின் எழுத்து தோன்ற வேண்டும். விரலை எடுத்தால் மறைய வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

ஓய்வு பெற்ற மின்பணியாளர், மதுரை

என்னிடம் பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் எல்லாத் தவறான வெட்டுக்கும் லிமிட் சுவிட்சையே குற்றம் சாட்டுகிறார்கள். வேலை நடுவில் அலாரத்தோடு நின்றால் சுவிட்ச் பக்கம் பாருங்கள். அலாரமே இல்லாமல் கடைசி வரை ஓடி, பலகையில் பாதிப் படம் நான்கு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தால் சுவிட்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தச் சிறு இயந்திரங்களில் என்கோடர் (மோட்டார் உண்மையில் எவ்வளவு சுற்றியது என்று அளக்கும் கருவி) கிடையாது. மோட்டார் படி (ஸ்டெப், ஒரு சிறு திருப்பம்) தவறவிட்டாலும் கண்ட்ரோலர் சரியான இடத்தில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு வெட்டிக்கொண்டே போகும்.

மார்க்கர் பேனாவால் மோட்டார் தண்டு, அச்சை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ, இரண்டையும் இணைக்கும் கப்ளிங் மூன்றின் மேலும் தொடர்ச்சியாக ஒரு கோடு போடுங்கள். வெட்டு தள்ளிப்போன பிறகு கோடு முறிந்திருந்தால் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ (பிடிப்புத் திருகு) நழுவுகிறது, இறுக்கினால் போதும். கோடு முறியாமலேயே வெட்டு தள்ளியிருந்தால் மோட்டார் திணறியிருக்கிறது: டிரைவர் மின்னோட்டம் குறைவு, வேகமோ முடுக்கமோ அதிகம், அல்லது மொன்னையான பிட்.

எழுத்து போகப் போக ஆழமாகிறதென்றால் அது இன்னொரு கதை. மேல்நோக்கிச் சீவும் பிட், இறுகாத இஆர்11 காலெட்டிலிருந்து (பிட்டைக் கவ்வும் பிடியிலிருந்து) தன்னைத்தானே கீழே இழுத்துக்கொண்டு வந்துவிடும். நட்டுக்குள் காலெட்டை முதலில் சொடுக்கிப் பொருத்தி, பிறகு பிட்டைச் செருகி, அதன் பின்தான் ஸ்பிண்டிலில் முடுக்க வேண்டும். பலர் காலெட்டைச் சும்மா குழிக்குள் போட்டு நட்டைத் திருகுகிறார்கள்.

வீட்டு அடித்தளத்தில் பட்டறை வைத்திருப்பவர், டொராண்டோ

கோவை நண்பர் சொன்னதெல்லாம் செய்திருந்தும் சனவரியில் எனக்கு அலாரம் வந்தது. கோடையில் வராது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி அறைக்காற்று வறண்டுவிடுகிறது. அதில் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) தூளை இழுக்கும் வேக்குவம் குழாய் பிளாஸ்டிக். தூள் உரசி ஓடும்போது குழாயில் நிலைமின்னூட்டம் சேர்ந்து கேன்ட்ரியில் (ஸ்பிண்டிலைத் தாங்கும் சட்டத்தில்) பாய்கிறது. சில நாள் அலாரம், சில நாள் யுஎஸ்பி தொடர்பே அறுந்துவிடும். குழாய் நெடுகக் காப்பில்லாத செம்புக் கம்பி ஓட்டி எர்த்தில் சேர்த்தேன். இயந்திரச் சட்டத்தையும் எர்த் செய்தேன். அந்தத் தொல்லை போயிற்று.

கேட்க நினைத்தது: $21-ஐ 0 ஆக்கி ஹார்டு லிமிட்டையே (சுவிட்ச் தட்டினால் நிறுத்துவதையே) அணைத்துவிட்டு, ஹோமிங்கும் சாஃப்ட் லிமிட்டும் (கணக்கில் எல்லை தாண்டும் கட்டளையைத் தடுப்பது) மட்டும் வைத்துக்கொண்டால் என்ன?

மதுரை

பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், தவறில்லை. ஆனால் சாஃப்ட் லிமிட் நம்புவது கண்ட்ரோலரின் கணக்கை. படி தவறிய இயந்திரத்தில் அந்தக் கணக்கே பொய். நான் இரண்டையும் வைத்திருக்கச் சொல்வேன்.

கோவை

நானும் இரண்டையும் வைத்திருக்கிறேன். ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அலாரம் 1-இல் மோட்டார்கள் வேகம் குறையாமல் சட்டென்று நிற்பதால் இருக்கும் இடம் நம்பத்தக்கதல்ல. டாலர் எக்ஸ் ($X) கட்டளை கொடுத்துப் பூட்டைத் திறந்து அங்கிருந்தே தொடர்ந்தால் பலகை போய்விடும். பிட்டை மேலே தூக்கி, மறுபடி ஹோமிங் செய்யுங்கள். ஜி54-இல் வைத்த வேலைப் பூச்சியம் (பலகையில் நாம் குறித்த தொடக்கப் புள்ளி) போர்டின் நினைவகத்தில் அப்படியே இருக்கும். கோப்பின் தலைப்பு வரிகளையும் ஸ்பிண்டில் கட்டளையையும் விடாமல் அனுப்பிவிட்டு, நின்ற இடத்துக்குச் சில வரிகள் முன்னதாகத் தொடங்கலாம். பலகையை மட்டும் கிளாம்பிலிருந்து கழற்றக் கூடாது.