சிஸ்டம் சர்வீஸ் பார்த்துக்கொண்டே கம்பு, கராத்தே பழகும் சேலம் ஆட்கள், உங்கள் அனுபவம் என்ன?

குகை சர்வீஸ்காரன்:

நம் தொழிலில் இத்தனை பேர் சண்டைக்கலை பழகுகிறார்கள் என்பது கடை போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்து ரோடு பக்கம் ஸ்பேர் வாங்கப் போனால் பில் போடுகிற பையன் கராத்தே பிளாக் பெல்ட். பிரிண்டர் டோனர் நிரப்பித் தருகிறவர் குத்துவரிசை, நம்மூர் வெறுங்கைச் சண்டை. நான் சிலம்பம். இந்தப் பழக்கம் வேலையில் கைகொடுத்ததா, இல்லை தொந்தரவா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நாலு பேரைத் தூக்கிப் போட்டேன் என்கிற கதைகள் மட்டும் வேண்டாம், நம்ப மாட்டோம்.

முதலில் என்னுடையது. சிலம்பத்தில் சேர்ந்தவுடன் கம்பைக் கையில் தர மாட்டார்கள். காலடி வரிசைதான். ஆசான் தரையில் கோடு போட்டு, முன்னே ஒன்று, பின்னே ஒன்று, திரும்பு என்று உயிரை எடுப்பார். அப்புறம்தான் நெற்றி உயரப் பிரம்பு கைக்கு வரும். டேபிளுக்கு அடியில் குனிந்து யுபிஎஸ் பேட்டரி மாற்றுகிறவனுக்கு அந்தக் காலடி செய்த உதவியை எந்த மாத்திரையும் செய்யவில்லை. முன்பெல்லாம் இடுப்பை வளைத்துத் தூக்குவேன், இப்போது கால்தான் தூக்குகிறது.

தொந்தரவும் உண்டு. ஒரு மணி நேரம் வீச்சு சுற்றிவிட்டுக் கடைக்கு வந்தால் முன்கை நடுங்கும். பிராசசர் உட்காரும் இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் மயிரிழை கனத்தில் 1700 பின்கள் இருக்கின்றன. பிராசசரை வைக்கும்போது கை ஒரு இழை சாய்ந்து பின் வளைந்தால் மதர்போர்டு போச்சு. அதனால் பயிற்சி நாட்களில் விண்டோஸ் போடுவது, பிரிண்டர் ரோலர் துடைப்பது என்று முரட்டு வேலைகளை முதலில் முடித்துவிடுவேன். போர்டைத் தொடுவது டீ குடித்த பிறகுதான்.

போன ஆடியில் ஒரு கூத்து நடந்தது. வண்டி வேடிக்கை சமயம், சாமி வேஷம் கட்டிய வண்டிகள் ஊர்வலம் வரும், எங்கள் குகை ஏரியாவில் கூட்டம் தெரியும் உங்களுக்கு. எங்கள் குழு தெருவில் இறங்கியது, நான் இரண்டு முனையிலும் தீப்பந்தம் கட்டிச் சுற்றினேன். கூட்டத்தில் என் வாடிக்கையாளர் ஒருவர் நின்றிருக்கிறார். ஹார்டு டிஸ்க் செத்ததற்கு நான்தான் காரணம் என்று சண்டை போட்டு, பாதிப் பணத்தை நிறுத்தி வைத்திருந்தவர். மறுநாள் கடை திறக்கும்போதே வந்தார். முழுப் பாக்கியையும் எண்ணி வைத்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து தம்பி என்பது போய் மாஸ்டர் ஆகிவிட்டேன். ஆனால் மாசம் திரும்புவதற்குள் பேரம் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

கேபிள் இழுப்பவன்:

நான் ஏற்காடு லைன். ஃபைபர், சிசிடிவி. மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, எஸ்டேட் பங்களாக்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் போகிறவன். இடி இடித்த மறுநாள் எனக்குத் தீபாவளி: நெட்வொர்க் சுவிட்ச் போர்ட், கேமரா, ரூட்டர் என்று வரிசையாகப் போயிருக்கும். பழகுவது ஷோட்டோகான் கராத்தே.

கராத்தேயில் கத்துகிறோமே, கியாய், அதை முதலில் உபயோகித்தது குரங்கிடம்தான். கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகிற கேபிளில் அதுகள் ஊஞ்சல் ஆடும், கிளாம்பைப் பிடுங்கும். வயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினேன். மொத்தக் கூட்டமும் ஓடியது. அடுத்த முறை கத்தியபோது திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தன. எதிராளி ஒரு டெக்னிக்கை ஒரு தடவைதான் நம்புவான் என்று மாஸ்டர் சொன்னது அங்கே புரிந்தது.

காட்டுமாடு கதைதான் சொல்ல வேண்டியது. மழை விட்ட சாயங்காலம், காபித் தோட்டத்து வழியில் டூல் பையோடு இறங்குகிறேன். பனிமூட்டம். வளைவில் திரும்பினால் பத்தடியில் நிற்கிறது. ஆண் மாடு ஒரு டன் வரைகூட வரும் என்பார்கள், இது அந்த ரகம். இதில் கராத்தே என்ன செய்யும், ஒன்றும் செய்யாது. ஆனால் குமிட்டேயில், அதாவது நேருக்கு நேர் மோதும் பயிற்சியில், ஒன்று பழக்குவார்கள்: எதிரில் இருப்பவனைப் பார்த்தபடியே, பாதத்தைத் தூக்காமல் தரையில் தேய்த்துப் பின்னால் போவது. முதுகைக் காட்டக் கூடாது, குதிக்கக் கூடாது. என் கால் தானாக அதைச் செய்தது. ஈரச் சருகு, வழுக்குப் பாறை, இருந்தும் தடுக்கவில்லை. தூரம் கூடினதும் அது தலையைத் திருப்பிக்கொண்டு மேய ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஒரு எஸ்டேட் அம்மா, "அது பாட்டுக்கு மேயுது, நீ எதுக்கு சாமி அதுகூட கண்ணாமூச்சி ஆடுற, இப்படிச் சுத்திப் போ" என்றார். அவர் கையில் வெறும் கூடைதான்.

பிளாக் பெல்ட் யாருக்குத் தர வேண்டும் என்று அன்றைக்கு யோசித்தேன்.

அம்மாப்பேட்டைக்காரி:

அண்ணன்கள் இரண்டு பேரும் அடி, காலடி என்று எழுதிவிட்டீர்கள். நான் விழுவதைப் பற்றி எழுதுகிறேன். ஒரு கல்லூரியில் லேப் டெக்னீஷியன், பழகுவது ஜூடோ. 1882இல் ஜிகோரோ கானோ ஜப்பானில் தொடங்கிய கலை. இதில் எறிவதற்கு முன்னால் விழக் கற்றுக்கொடுக்கிறார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டு, முதுகை வளை, கையை நீட்டித் தரையில் அறை. கையை ஊன்றாதே, இது ரொம்ப முக்கியம். கீழே விழும் எவரும் முதலில் செய்வது கையை ஊன்றுவதுதான். மணிக்கட்டு உடைவது அதில்தான். மணிக்கட்டு போனால் நம் பிழைப்பு போச்சு.

லேபில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கேபிள் விட ஏணியில் நின்றிருந்தேன். கீழே ஏணியைப் பிடித்திருந்த மாணவன் போன் வந்ததென்று விட்டுவிட்டான். கிரிம்பிங் டூல் முதலில் விழுந்தது, அடுத்து நான், மல்லாக்க. தாடை உள்ளே போனதும் கை தரையை அறைந்ததும் எனக்கே தெரியாமல் நடந்தது. சத்தம் கேட்டு பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்தார்கள். உள்ளங்கை சிவந்திருந்தது, தலையில் ஒன்றுமில்லை. பையன்கள் கைதட்டினார்கள். ஓடி வந்த பெரியவர்களில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "நெட்வொர்க் சுவிட்சுக்கு ஒண்ணும் ஆகலையே?"

வீட்டில் இதைச் சொன்னபோது நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. ஜூடோ சேர்ந்த நாளிலிருந்து அம்மாவுக்குக் கோபம், கை கால் உடைந்தால் யார் கட்டுவார்கள் என்று. அப்பாவின் தறிச் சத்தத்துக்கு மேல் அம்மாவின் குரல் கேட்கும். அன்றைக்கு எல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து கிடப்பதைச் சொல்லி, "அந்த விழுகிற வித்தையை எனக்கும் சொல்லிக் குடு" என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் மூன்று மெத்தை போட்டு, உட்கார்ந்த நிலையிலிருந்து மட்டும் பின்னால் சாயப் பழக்குகிறேன். நின்றபடி விழ இன்னும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

எஸ்எம்பிஎஸ் பெருசு:

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம்.

செவ்வாய்ப்பேட்டையில் பென்ச்சில் போர்டு ரிப்பேர் பார்த்துத் தலை நரைத்தவன். இளவயதில் கராத்தே, இப்போது குத்துவரிசை மட்டும், மெதுவாக. என் கடைப் பையன் ஸ்பாரிங்கில் மோதிர விரலை மடக்கிக்கொண்டு வந்தான். எலும்பு உடையவில்லை, வீக்கம்தான். ஆனால் போர்டின் மேலேயே ஒட்டும் சின்ன எஸ்எம்டி பாகங்களை ட்வீஸரில் பிடிக்க அவனால் வெகு நாள் முடியவில்லை. விரல் முட்டியில் புஷ்அப் எடுப்பதும் அப்படித்தான். பலகை உடைப்பவனுக்கு அது சரி, ஐசி சிப் மாற்றுகிறவனுக்குத் தேவையில்லை என்பது என் கட்சி. இரண்டு பேர் மோதுகிற ஆட்டம் என்றால் விரலுக்கு டேப் சுற்றாமல் இறங்காதீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வருகிற அடியைக் கை தானாகத் தடுக்க வேண்டும் என்றுதான் நம்மைப் பழக்குகிறார்கள். அந்தக் கை பென்ச்சில் என்ன செய்யும்? சால்டரிங் அயர்ன் ஸ்டாண்டிலிருந்து உருண்டால் பாய்ந்து பிடிக்கும். 350 டிகிரியில் இருக்கும் சாமான் அது. திறந்து போட்ட எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டிக்குள், ஸ்க்ரூ விழுந்தால் விரல் பின்னாலேயே போகும். 230 வோல்ட் ஏசியை டிசியாக்கினால் 320ஐத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். சாதாரண ஆள் யோசிப்பதற்குள் ஸ்க்ரூ விழுந்துவிடும், தப்பித்துக்கொள்வான். பழகியவன் மாட்டுவான்.

என்னிடம் வேலைக்கு வரும் கராத்தே, சிலம்பப் பையன்களுக்கு நான் தரும் முதல் பாடம் இதுதான்: மேசையிலிருந்து பேனா, ஸ்க்ரூடிரைவர், எதையாவது தட்டிவிடுவேன். கையைத் தூக்காமல் நிற்க வேண்டும். கம்பு சுற்றுகிறவன்தான் ரொம்பத் திணறுவான்.

குகை சர்வீஸ்காரன்:

பெருசு சொல்வதை இப்போதே செய்து பார்த்தேன். தட்டிவிட்டதும் நான்தான், பிடித்ததும் நான்தான்.

அம்மாப்பேட்டைக்காரி, உங்கள் அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். மெத்தைக்குப் பக்கத்தில் தறிக்கட்டை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் இழுப்பவன்:

எனக்கு ஒரு சந்தேகம். குகை அண்ணே, வேலைக்கு நடுவில் கம்பை எப்படி எடுத்துப் போகிறீர்கள்? எனக்கு கராத்தே டிரெஸ் பையில் மடங்கிவிடும்.

குகை சர்வீஸ்காரன்:

பைக்கில் ஏணியோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். பார்க்கிறவர்கள் வயர் விடும் கன்டியூட் பைப் என்று நினைப்பார்கள். ஒருமுறை ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனபோது செக்யூரிட்டி ஐயா உள்ளே போகும் சாமான் நோட்டில் "பைப் 1" என்று எழுதிக்கொண்டார். வேலை முடிந்து வெளியே வந்தால் கேட்டில் நிறுத்திவிட்டார். "பைப்பு மாட்டத்தானே வந்தீங்க, மாட்டாம திருப்பி எடுத்துட்டுப் போறீங்களே?" சிலம்பக் கம்பு என்று சொன்னதற்கு நம்பவில்லை. கேட் முன்னால் கால் மணி நேரம் சுற்றிக் காட்டிய பிறகுதான் விட்டார். நோட்டில் அடித்துத் திருத்தவும் இல்லை, அங்கே கணக்கில் ஒரு பைப் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.