குறைத்த எடை திரும்ப ஏறாமல் இருக்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நடைப்பயிற்சியும் அளவான சாப்பாடுமாக எடையைக் குறைத்துவிட்டேன். இப்போது அதைத் தக்கவைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. எடை குறைந்தால் உடல் செலவழிக்கும் கலோரியும் குறைகிறது, பசியோ கூடுகிறது. பழைய அளவுக்கே சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும், அது புரிகிறது. காய்கறி, பழம் நாளுக்கு 400 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். இனிப்புப் பானங்களைத் தொடுவதில்லை.

பகல் முழுக்கச் சரியாகவே போகிறது. சாயங்காலம்தான் சிக்கல். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கை நொறுக்குத்தீனி டப்பாவைத் தேடுகிறது. அது நிஜப் பசியா, வெறும் களைப்பா என்றே தெரியவில்லை. மதியச் சாப்பாட்டில் புரதமும் நார்ச்சத்தும் கூட்டினால் அடங்குமா? வருடக்கணக்கில் எடையை ஏறவிடாமல் வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மாத்திரை, பவுடர் விளம்பரம் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.