‘ஸ்பிளிட்’ வரும் இடமெல்லாம் ‘பிரி’ போடலாமா?

கேள்வி:
ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது ‘ஸ்பிளிட்’ என்றால் ‘பிரி’ என்றே போட்டு வருகிறேன். ‘பிரிக்கப்பட்ட உளுந்து’ என்று வந்து நிற்கிறது. ‘டிவைட்’டும் இதுவும் ஒன்றா? இறந்தகாலம் ‘ஸ்பிளிட்டட்’தானே?

பதில் 1:
‘ஸ்பிளிட்டட்’ கிடையாது. கட், புட், ஹிட் மாதிரி இதுவும் மாறாத வினை. ‘தே ஸ்பிளிட் த பில்’ என்றால் நிகழ்காலமா இறந்தகாலமா என்பதை முன்பின் வரிதான் சொல்லும். எழுவாய் ஹீ, ஷீ என்றால் சிக்கல் இல்லை: கடைசியில் ‘எஸ்’ இல்லையென்றால் அது நடந்து முடிந்தது.

டிவைட் கணக்குச் சொல். 20ஐ 4ஆல் வகுக்க ‘டிவைட் 20 பை 4’. அங்கே ஸ்பிளிட் வராது. ஆனால் 20 பேரை 4 குழுவாக்க ‘ஸ்பிளிட் இன்டு’ சரி. இந்த ‘இன்டு’வில் கவனம்: நம் பள்ளிக்கூடத்தில் அது பெருக்கல். ‘டிவைட் 4 இன்டு 20’ என்று வந்தால் விடை 80 இல்லை, 5.

பதில் 2:
ஸ்பிளிட் டச்சிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்த சொல். பாறையில் மோதிக் கப்பல் பிளப்பதைச் சொன்னது. அந்தப் பிளவு இன்னும் உள்ளே இருக்கிறது. அதனால் எது பிளக்கிறது என்று பார்த்துத்தான் வினை போட வேண்டும். விறகு என்றால் பிள. உளுந்து என்றால் உடைத்த உளுந்து. கட்சியும் உடையும். பேண்ட் என்றால் தையல் விட்டது. ஹோட்டல் பில் என்றால் ஆளுக்குப் பாதி. ‘ஸ்பிளிட் அப்’ என்றால் ஜோடி பிரிந்தது. உங்கள் ‘பிரி’க்கு அங்கேதான் நல்ல வேலை. சமையல் குறிப்பில் ‘த மில்க் ஸ்பிளிட்’ என்றால் பால் திரிந்துவிட்டது. ‘பால் பிரிந்தது’ என்று எழுதினால் யாருக்கும் அடுப்படி ஞாபகம் வராது.

பதில் 3:
பங்குச் சந்தைச் செய்தியில் வந்தால் ‘பங்குப் பிரிப்பு’. ₹10 முகமதிப்புள்ள (சந்தை விலை அல்ல, நிறுவனம் பங்குக்குக் குறித்த மதிப்பு) பங்கை ₹2 ஆக்கினால் 100 பங்கு 500 ஆகும். ₹1,500க்கு விற்றது ₹300 அளவுக்கு இறங்கும். கையிலிருக்கும் மொத்த மதிப்பு அதேதான். ‘விலை சரிந்தது’ என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள். ‘போனஸ்’ (இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு) என்றும் மாற்றாதீர்கள். போனஸ் பங்கில் முகமதிப்பு மாறாது.

கேட்டவர்:
நன்றி. ஸ்பிளிட் ஏசி?

பதில் 2:
கை வைக்காதீர்கள். ‘பிளவுக் குளிரூட்டி’ என்று கேட்டால் கடைக்காரர் ரிப்பேருக்குக் கொண்டுவந்ததாக நினைப்பார்.