முடிக்காமல் கிடந்த பின்னலும் தையலும்: மீண்டும் கையில் எடுத்தவர்களின் அனுபவங்கள்

தில்லியில் வளர்ந்தவள்

என் அம்மா என் மகனுக்காகத் தொடங்கிய நீல ஸ்வெட்டரைப் பற்றி எழுதுகிறேன். பதினோரு ஆண்டுகள் பீரோவின் மேல்தட்டில் அந்துருண்டைகளோடு இருந்த பையை இந்தப் பொங்கலுக்குப் பிறகுதான் இறக்கினேன். முதுகுப்பகுதியும் இரண்டு கைகளும் முடிந்திருந்தன. முன்பகுதியில் 82 கண்களோடு, அதாவது ஊசியில் ஏற்றிய 82 நூல் வளையங்களோடு தொடங்கி, அக்குள் வளைவுக்குக் கண்களைக் குறைத்துவிட்டு, அதற்கு மேல் மூன்று வரிசைகள் பின்னிய நிலையில் ஊசி அதிலேயே நின்றிருந்தது. அப்பாவின் மத்திய அரசு வேலைக்காக நாங்கள் தில்லியில் இருந்த காலத்தில், குளிர்கால நண்பகல் வெயிலில் மொட்டைமாடியில் உட்கார்ந்து பஞ்சாபிப் பெண்களிடம் அம்மா இதைக் கற்றுக்கொண்டார். அதனால் கண்களை ஃபந்தா என்றும், பின்னலின் இரண்டு வகைகளைச் சீதா, உல்டா என்றும்தான் கடைசிவரை சொன்னார். எனக்கும் அந்தச் சொற்களில்தான் கை ஓடுகிறது.

பைக்குள் ஒரு மருந்துச்சீட்டு இருந்தது. அதன் பின்புறத்தில் வரிசைகளைப் பென்சில் கோடுகளாக ஐந்தைந்தாகக் கட்டி எண்ணியிருந்தார். அக்குள் வளைவிலிருந்து எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கியிருந்த இடத்தில் மூன்றே கோடுகள் இருந்தன.

அம்மாவின் ஜோடி ஊசியில் ஒன்று காணாமல் போயிருந்ததால், அதே 8ஆம் எண்ணில் ஒரு மூங்கில் ஜோடியை இணையத்தில் வாங்கி இருபது வரிசைகள் பின்னினேன். மேசையில் விரித்துப் பார்த்தபோது அம்மாவின் பகுதி நெருக்கமாகவும் என் பகுதி தளர்ந்தும் இருந்தன. கை மாறிய இடம் கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. அந்தக் கோடு அக்குள் வளைவிலேயே விழுந்தால் கண்ணில் படாது என்று நினைத்து, என்னுடைய இருபது வரிசைகளோடு அம்மாவின் மூன்று வரிசைகளையும் பிரித்துவிட்டு, வளைவிலிருந்து மறுபடியும் தொடங்கிக் கழுத்துவரை கொண்டுவந்துவிட்டேன். பிரித்து எடுத்த அம்மாவின் நூல் நெளிநெளியாக, அவர் போட்ட கண்களின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. அதைச் சேர்த்துப் பின்ன மனம் வராமல் ஓர் அட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. ஸ்வெட்டர் அவனுக்குச் சேராது என்பது தெரிந்தே செய்கிறேன். அந்த மூன்று வரிசைகளைப் பிரித்திருக்க வேண்டுமா என்பதுதான் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

நாஞ்சில் நாட்டுக்காரி

என்னுடையது ரேந்தை வேலை, அதாவது லேஸ் பின்னல். 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துத் தொடங்கிவைத்த வேலை எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் தலைமுறைகளாகத் தொடர்ந்தது என்பதால் விளக்கமாகச் சொல்லவில்லை. பெரியம்மாவின் ரேந்தைத் தலையணை, பூ வடிவம் குத்திய அட்டையும் குண்டூசிகளும் நூல் சுற்றிய இருபத்து நான்கு மரக்குச்சிகளும் அப்படியே தொங்க, பழைய வேட்டியில் சுற்றப்பட்டுப் பரணில் முப்பது ஆண்டுகள் இருந்தது. எந்த ஜோடி எந்த ஜோடியைத் தாண்ட வேண்டும் என்பதைக் கடைசி நான்கு பூக்களைப் பார்த்து ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அது எனக்குப் பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் முதல் குண்டூசியைப் பிடுங்கியதும் நூலில் பழுப்பு வளையம் ஒன்று தெரிந்தது. குச்சியை லேசாக இழுத்ததும் அந்த இடத்தில் நூல் சத்தமே இல்லாமல் அறுந்துவிட்டது. பெரியம்மா எப்போதும் பித்தளைக் குண்டூசிதான் வைப்பார். கடைசி முறை ஏதோ அவசரத்தில் இரும்பு ஊசிகளைக் கலந்திருக்கிறார். பதினேழு இடங்களில் துரு ஏறியிருந்தது. துருப் படாத ஒன்றேகால் மீட்டரை வெட்டி, ஓரம் முடிந்து, என் மகளின் திருமுழுக்குச் சால்வையின் ஒரு பக்கத்தில் வைத்துத் தைத்தேன். மற்றதைத் தலையணையிலேயே விட்டுவிட்டேன்.

தில்லியில் வளர்ந்த அக்காவுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் பிரித்திருக்கக் கூடாது. கை மாறிய கோடு தெரிந்தால்தான் என்ன? அது உங்கள் இருவருக்கும் உரிய கோடு அல்லவா?

மேட்டித்துணி

1989இல் திருமணத்துக்கு முன்பு, ஜோடி மயில்களைக் குறுக்குத்தையலில் நிரப்பும் மேசைவிரிப்பு ஒன்றைத் தொடங்கினேன். மூன்று மூலைகள் முடிந்திருந்தன. நான்காவது மூலையில் கொண்டை மட்டும் நின்றிருந்தது. கட்டங்களை எண்ணும் அளவுக்குக் கண் இப்போது ஒத்துழைப்பதில்லை. கழுத்தில் மாட்டும் பெரிதாக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்தெடுத்து, தினமும் காலை ஒன்பதிலிருந்து பத்துவரை தைத்து நான்கு மாதங்களில் முடித்தேன். பழைய சிவப்பு தீர்ந்துவிட்டதால் மயிலின் கழுத்துப்பட்டைக்கு மட்டும் புதிதாக ஒரு கண்டு வாங்கினேன். முடித்த அன்றே துவைத்தேன். குளியலறை வாளியில் தண்ணீர் ரோஜா நிறமாக மாறியதை நின்றபடி பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளை என்னால் மறக்க முடியவில்லை. திருமணத்துக்கு முன்பு தைத்த மூன்று மூலைகளில் ஒரு புள்ளிகூடக் கசியவில்லை. புதிய நூல்தான் கசிந்து, வெள்ளைத் துணியில் மயிலைச் சுற்றி ஒளிவட்டம்போல் பரவியது. உடனே உப்பும் வினிகரும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைத்துவிட்டேன். கறை இன்னும் இருக்கிறது.

கைத்தையல் ஆசிரியை, ஓய்வு

மேட்டித்துணி அவர்களின் பதிவைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. உப்பும் வினிகரும் சாயத்தை நிறுத்தும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லப்படும் செய்தி. பருத்தி நூலுக்கு அது பொருந்தாது. கம்பளிக்கும் பட்டுக்கும் சாயம் ஏற்றும்போது அமிலம் உதவுகிறது. பருத்திக்குச் சாயம் ஏற்றும் தொட்டியில் உப்பு உதவுகிறது. நூலாகி, கண்டாகி, கடைக்கு வந்துவிட்ட பிறகு இரண்டினாலும் பயனில்லை. கசிந்த சாயத்தை அது துணியில் காய்ந்து பிடிப்பதற்கு முன்பே நீரோடு வெளியேற்றிவிடுவதுதான் வழி. விரிப்பு முழுவதும் மூழ்கும் அளவுக்குப் பெரிய பாத்திரத்தில், சிறிதளவு மென்மையான சோப்புக் கலந்த குளிர்ந்த நீரில், மடிப்பில்லாமல் விரித்து ஊறவிட வேண்டும். நீர் நிறம் மாறும்போதெல்லாம் கொட்டிவிட்டுப் புதுநீர் மாற்ற வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் ஆனாலும் துணியை இடையில் காயவிடக் கூடாது, பிழியவும் கூடாது. நீர் தெளிந்தபின் நிழலில் உலர்த்தி, கறை முற்றிலும் போய்விட்டது என்று உறுதியான பிறகுதான் இஸ்திரிப்பெட்டியை அருகில் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் சூடு பட்டால் இருக்கும் கறை மேலும் இறுகிவிடும். உங்களுடையது ஒருமுறை காய்ந்துவிட்டது என்றாலும் இப்படிச் செய்து பாருங்கள். முழுவதும் போகாவிட்டாலும் மங்கும். புதிய சிவப்பு, கருநீலம், கருப்பு நூல்களை வாங்கினால், தைக்கும் முன்பே ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று: பழைய வேலையை எடுப்பவர்கள் முதலில் ஊசியைத் துணியிலிருந்து நீக்கி, துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தையும் கழற்றிவிட வேண்டும். வளையத்தின் தடம் பல ஆண்டு அழுக்கோடு பதிந்திருக்கும். அதை ஊறவைத்துப் போக்காமல் இஸ்திரி போட்டால் பழுப்பு வட்டம் நிலைத்துவிடும். நீலநிற நீர்ப்பேனாவில் வரைந்த கோடுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தண்ணீரில் கரைய வேண்டிய அந்த மை, சூடு பட்டால் கரையாது.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நான் தைத்த மாதிரி ஏட்டில் காம்புத்தையல் பக்கம் பாதியில் நின்றிருந்தது. சென்ற மாதம் அதை முடித்தேன். பன்னிரண்டு வயதில் போட்ட என் தையல், இப்போது போடுவதைவிடச் சீராக இருந்தது.

மதுரை வடக்குமாசி வீதி

பெண்கள் பேசும் இடத்தில் ஓர் ஆண் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி பழஞ்சேலைகளை வெட்டி ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைக் கைத்தையலில் தைத்து வந்தார். அவருக்கு வலது கை விழுந்த பிறகு, அவர் அருகில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தைத்து முடித்தேன். ஆறு வரிசையில் நான்கு அவருடையவை, இரண்டு என்னுடையவை. சுங்குடித் துண்டுகள் எத்தனை முறை துவைத்திருந்தாலும் ஊசிக்கு இதமாக இருந்தன. என் மாமியாரின் அரக்குப் பட்டுத்துண்டில்தான் சிக்கல் வந்தது. ஊசியை ஏற்றி நூலை இழுத்ததும், பல்லாண்டுகள் மடித்த அதே மடிப்பில் பட்டு காகிதம்போல் நீளமாகப் பிளந்துகொண்டது. நான் பதறிப்போய் மனைவியைப் பார்த்தேன். அவர் இடது கையால் அந்தத் துண்டைத் தடவிவிட்டு, "அடியில மல்துணி குடுத்துத் தைங்க" என்று மட்டும் சொன்னார். அடியில் மல்துணி வைத்து, பிளந்த இரண்டு ஓரங்களையும் அதன்மேல் நெருக்கமான நூலோட்டத்தால் பிடித்துவிட்டேன். போர்வையின் நடுவில் அந்தத் தழும்பு இன்றும் தெரிகிறது.

தில்லியில் வளர்ந்த அம்மாவை நாஞ்சில் நாட்டுச் சகோதரி கண்டித்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலையைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் எதைப் பிரிக்கலாம், எதை விடலாம் என்று தெரியும். துருப்பிடித்த பகுதியை நீங்களும் வெட்டித்தானே எடுத்தீர்கள்?

நாஞ்சில் நாட்டுக்காரி

ஐயா, அறுந்துபோனதை வெட்டுவதும் நன்றாக இருந்ததைப் பிரிப்பதும் ஒன்றாகாது. ஆனாலும் அக்காவின் மனம் புண்படும்படி எழுதிவிட்டேனோ என்று எனக்கும் வருத்தம் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தோன்றிய பதிலைத்தான் சொன்னேன்.

கோத்தகிரி

எங்கள் ஊரில் ஆண்டில் பாதி நாட்கள் கம்பளி தேவைப்படும் என்பதால் நாற்பது ஆண்டுகளாகப் பின்னி வருகிறேன். பாதியில் விட்ட குல்லாய் ஒன்றை ஒன்பது ஆண்டுகள் கழித்து முடித்ததுதான் என் கதை. அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. தில்லியில் வளர்ந்தவரின் பதிவில் ஓர் இடம் எனக்கு உறுத்துகிறது.

பிரிக்கலாமா கூடாதா என்று எல்லோரும் பேசுகிறீர்கள். தளர்வு கையிலிருந்துதான் வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் நாட்டில் பழைய பிரிட்டிஷ் எண்முறைதான் வழக்கத்தில் இருந்தது. அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. உங்கள் அம்மா பார்டரை 10ஆம் எண்ணிலும் உடலை 8ஆம் எண்ணிலும் பின்னியிருப்பார்; நடுத்தரக் கம்பளிக்கு அதுதான் முறை. அமெரிக்க எண்முறை இதற்கு நேர்மாறாக ஓடுகிறது, எண் கூடினால் ஊசி தடிக்கும். அதில் 8 என்றால் 5 மி.மீ. இணையத்தில் விற்கும் மூங்கில் ஊசிகள் பலவற்றில் அமெரிக்க எண்ணே போட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். நடுத்தரக் கம்பளியில் 4 மி.மீ. ஊசிக்குப் பத்து செ.மீ. அகலத்தில் ஏறக்குறைய 22 கண்கள் வரும், 5 மி.மீ.க்கு 18 வரும். உங்கள் 82 கண்களை முதல் கணக்கில் வைத்தால் 37 செ.மீ., இரண்டாவது கணக்கில் 45 செ.மீ.க்கு மேல் போய்விடும். எத்தனை சீரான கையாக இருந்தாலும் அந்த வேறுபாட்டை மறைக்க முடியாது.

ஊசியின் கொண்டையில் அல்லது தண்டில் மிகச் சிறிய எழுத்தில் மில்லிமீட்டர் அளவு இருக்கும்; பாருங்கள். இல்லையென்றால் ஓட்டைகள் போட்ட அளவுத்தகட்டில் செருகிப் பார்க்கலாம். அட்டையில் சுற்றியிருக்கும் நூலைப் பற்றி: நெளிவு நிலையானது அல்ல. தளர்வான சிட்டமாகச் சுற்றி இரண்டு மூன்று இடங்களில் பருத்தி நூலால் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். இனி எப்போது பிரித்தாலும், நிறுத்த வேண்டிய வரிசையின் எல்லாக் கண்களுக்குள்ளும் முதலில் ஒரு மெல்லிய பருத்தி நூலை ஓட்டிவிட்டுப் பிரியுங்கள். அதற்குக் கீழே ஒரு கண்கூட நழுவாது.

தில்லியில் வளர்ந்தவள்

கோத்தகிரி அவர்களுக்கு நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்த உடனே ஊசியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கொண்டைக்குக் கீழே 5.00 என்று இருந்தது. அம்மாவின் ஒற்றை அலுமினிய ஊசியைவிடத் தடித்திருப்பது முதல் நாளே கைக்குத் தெரிந்தது. மூங்கில் அப்படித்தான் இருக்கும்போலும் என்று எண்ணிவிட்டேன். இத்தனை நாள் என் கை அம்மாவின் கைக்கு ஈடாகவில்லை என்று நினைத்திருந்தேன்.

கழுத்திலிருந்து அக்குள் வளைவுவரை என் பின்னல் முழுவதையும், நீங்கள் சொன்னபடி வளைவு வரிசையில் வெள்ளை நூல் ஓட்டிவிட்டு, பிரித்தேன். அட்டையில் இருந்த நூலைச் சிட்டமாக்கி நனைத்துக் குளியலறைக் கம்பியில் இரண்டு நாள் தொங்கவிட்டேன். நெளிவு முழுவதும் போகவில்லை. இன்று காலை 4 மி.மீ. ஊசியில் அந்த நூலைக் கொண்டே தொடங்கினேன். சரியாக மூன்று வரிசைகளுக்கு வந்தது. ஒரு சாண் மிஞ்சியது. விரித்துப் பார்த்தேன், கோடு தெரியவில்லை. நான்காவது வரிசையைப் புதுக் கண்டிலிருந்து பின்னி முடித்ததும், மருந்துச்சீட்டில் அந்த மூன்று கோடுகளுக்குப் பக்கத்தில் நான்காவது கோட்டைப் போட்டேன்.